ஊறுகாய்ப் பாட்டிலும் மகளின் வேலையும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து கடிதம் எழுதிய அம்மாவுக்கு வணக்கம். வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் தங்கள் மகள், ஏற்றுமதி நிறுவனங்களில் பிறநாட்டு விதிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போக விரும்புவதாகவும், படித்த படிப்புக்கு இந்தக் குமாஸ்தா வேலையா என்று தாங்கள் வருந்துவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தங்கள் சமையலறையிலுள்ள மாங்காய் ஊறுகாய்ப் பாட்டிலைக் கையில் எடுங்கள். அதிலுள்ள கடுகு, நமது தென்னாப்பிரிக்காவின் 2010ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளின் ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 பொருள்களில் கடுகும் ஒன்றாதலால், சேர்மானங்களின் நடுவே அது தனித்துத் தெரியும்படி அச்சிடப்பட வேண்டும். அங்கே இறக்குமதி செய்பவரின் பெயரும் முகவரியும் வேண்டும். அமெரிக்காவின் 9 பொருள்களில் கடுகு கிடையாது, ஆனால் 2023 முதல் எள் உண்டு. நல்லெண்ணெயில் போட்ட ஊறுகாய்க்காரர் எள்ளை அறிவிக்காவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வார். பக்கத்திலிருக்கும் மொசாம்பிக்குக்கு அனுப்பவோ போர்த்துக்கீசிய லேபிள் தேவை.

இவையெல்லாம் லேபிளோடு தீர்ந்துவிடும். ஆனால் மிளகாய்த்தூள் விஷயம் அப்படியல்ல. அதன் கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதிக்கிறது. ஐரோப்பா அனுமதிப்பதில்லை, எச்சத்தையும் மிகச் சிறிய அளவுக்குள் அடக்கிவிடுகிறது. ஆகவே தூள் வாங்கும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பெரிய நிறுவனங்கள் சில மிகக் கடுமையான விதிக்கு ஏற்பத் தயாரித்து அதையே எல்லா நாட்டிலும் விற்றுவிடுகின்றன. நம்மூர் சிறு மசாலாக்காரர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பதால், நம்மோடு ஒரே சுங்க ஒன்றியத்திலுள்ள போட்ஸ்வானா, நமீபியா போன்ற நாடுகளில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அங்கும் சுங்க வரிதான் இல்லையே தவிர, உணவு விதிகள் அந்தந்த நாட்டுக்குரியவை.

ஆய்வக அறிக்கையையும் சட்ட வாசகத்தையும் அருகருகே வைத்துப் படித்து, இந்தச் சரக்கு கப்பலேறலாமா என்று சொல்பவருக்கு வேதியியல் தெரியாமல் முடியாது. எனவே பட்டத்தை முடிக்கட்டும். சட்டப் படிப்பு இப்போதைக்கு வேண்டாம். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் மேற்படிப்பை விசாரிக்கலாம், மாலையில் போர்த்துக்கீசியமும் கற்கலாம்.

வரும் சனிக்கிழமை இருவரும் வாருங்கள். அந்த ஊறுகாய்க்கு மூன்று நாட்டு லேபிள்களை மகள் தாமே எழுதிக்கொண்டு வரட்டும். பாட்டிலையும் மறவாமல் கொண்டு வரவும்.