வெங்காய வயலில் பொருக்கு தட்டுகிறது, கிளோமாலின் திரவம் வாங்கி ஊற்றலாமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் இரண்டு ஏக்கர். சின்ன வெங்காயம், அடுத்து மக்காச்சோளம். ஒவ்வொரு போகத்துக்கும் மூன்று முறை ரோட்டவேட்டர் ஓட்டி, ஏக்கருக்கு இரண்டு மூட்டை டிஏபி அடியுரம் போடுகிறேன். ஒரு மழை பெய்தாலே மண் பொருக்கு தட்டி இறுகிவிடுகிறது. கடையில் கிளோமாலின் திரவம் வாங்கச் சொல்கிறார்கள். வேம் (வேர் உட்பூசணம்) பாக்கெட்டை வெல்லக் கரைசலில் பெருக்கி விட்டாலே போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். எதைச் செய்யலாம்?

பதில்: வணக்கம் அண்ணா. இரண்டுமே வேண்டாம், காசு வீண்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். வரப்பில் அருகம்புல் வேரடியிலிருந்து ஒரு சின்னக் கட்டி, வயல் நடுவிலிருந்து ஒரு கட்டி எடுத்து, இரண்டையும் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிரப்பிய இரண்டு கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போடுங்கள். வயல் கட்டி ஓரிரு நிமிடத்தில் பொலபொலவென்று கரைந்து அடியில் சேறாகி, வரப்புக் கட்டி மட்டும் அப்படியே நின்றால், உங்கள் வயலில் மண்ணைப் பிடித்துவைக்கும் பசை குறைந்துவிட்டது என்று அர்த்தம். மழைத்துளி விழும்போது மேல்மண்ணிலும் இதேதான் நடக்கிறது.

அந்தப் பசையில் ஒரு முக்கியமான பங்கு வேர் உட்பூசணத்துடையது, அதாவது நாம் வேம் என்கிறோமே அதுதான். 1996-இல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி சாரா ரைட் இந்தப் பூசண இழைகளில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார், அதற்குத்தான் கிளோமாலின் என்று பெயர். இழை செத்த பிறகும் இது மண்ணில் தங்கித் துகள்களைக் கட்டிவைக்கும். ஹவாய் மண்ணில் 6 முதல் 42 ஆண்டு வரை தங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மண்ணை சிட்ரேட் கரைசலில் 121 டிகிரியில் குக்கரில் வேகவைப்பது போல வேகவைத்துத்தான் இதைப் பிரிக்கிறார்கள், அப்போதும் வேறு பொருள்களும் கலந்துதான் வரும். அவ்வளவு பிடிவாதமாக மண்ணில் ஒட்டியிருக்கும் பொருளை பாட்டிலில் வாங்கி ஊற்றி மண்ணைச் சரிசெய்ய முடியாது. வயலுக்குள்ளேயே இழை ஓட வேண்டும்.

சரி, வெல்லக் கரைசல்? சூடோமோனாஸ் பாக்டீரியா போல டிரம்மில் வேம் பெருகாது அண்ணா. உயிருள்ள வேருக்குள் புகுந்து செடி கொடுக்கும் சர்க்கரையில்தான் அது வாழும். வெல்லத் தண்ணீரில் பெருகுவது வேறு ஏதாவது நுண்ணுயிராக இருக்கும்.

உங்கள் பயிர் இரண்டுமே வேமுக்குப் பிடித்த பயிர்தான், அதிலும் வெங்காயத்துக்கு வேர்த்தூவி மிகக் குறைவு என்பதால் இந்தப் பூசணத்தை நம்பியே இருக்கும். அப்படியும் வயலில் அது தழைக்கவில்லை என்றால், எனக்குச் சந்தேகம் டிஏபி மேலும் ரோட்டவேட்டர் மேலும்தான். இரண்டு மூட்டையில் 46 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருக்கிறது. பூசணம் தேடித் தரும் மணிச்சத்து கையிலேயே கிடைக்கும்போது செடி எதற்குப் பூசணத்துக்குச் சோறு போடும்? மண் பரிசோதனை செய்யுங்கள், அறிக்கையில் மண்ணில் கிடைக்கும் மணிச்சத்து ஹெக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம், அடுத்த போகத்துக்கு டிஏபியைப் பாதியாக்கலாம். ரோட்டவேட்டர் ஒவ்வொரு முறையும் இழைகளை அறுத்துப் பொடியாக்குகிறது. கொத்துக் கலப்பையில் ஒரு உழவு, கடைசியில் வேண்டுமானால் ஒரே ஒரு ரோட்டவேட்டர், அதற்கு மேல் வேண்டாம்.

மக்காச்சோளம் அறுத்த பிறகு நிலத்தை வெறுமனே போடாதீர்கள். வேர் இல்லாத நிலத்தில் பூசணம் பட்டினி கிடக்கும். ஈரம் இருந்தால் சணப்போ தட்டைப்பயறோ விதைத்துவிடுங்கள். முள்ளங்கி, காலிஃபிளவர் போட்டால் இதற்குப் பலன் இல்லை, அந்தக் குடும்பத்து வேரில் வேம் சேராது.

வேம் வாங்குவதென்றால் நாற்றங்காலில் போடுவதுதான் சிக்கனம்: சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கும்போது 2-3 செ.மீ. ஆழத்தில், வேர் இறங்கும்போது அதைத் தொட்டுப் போகிற மாதிரி. அந்தப் பாத்தியில் கார்பன்டாசிம் பூசணக்கொல்லி ஊற்றாதீர்கள். விதை இல்லாமல் வெங்காயக் காய் நடுகிறீர்கள் என்றால், குழியில் காய்க்கு அடியில் கொஞ்சம் தூவி நடுங்கள்.

அப்புறம் மண் மாதிரியோடு கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். சோடியம் அதிகமிருந்தாலும் இதே மாதிரிதான் பொருக்கு தட்டும், அதற்கு மருந்து ஜிப்சம், வேம் அல்ல. இரண்டு அறிக்கையும் வந்ததும், டம்ளரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், உர அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.