தேசியப் பூங்காக்கள்: நோக்கமும் நடைமுறையும் – கேள்வி பதில்

கேள்வி: தேசியப் பூங்கா முதன்மையாக யாருக்காக? விலங்குகளுக்கா, அவற்றைக் காண வரும் மக்களுக்கா?

பதில்: காலப்போக்கில் இதற்கான விடை மாறியிருக்கிறது. 1872இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்காவை உருவாக்கிய சட்டம், அதை மக்களின் நன்மைக்கும் மகிழ்ச்சிக்கும் உரிய இடமென்றே குறிப்பிட்டது. இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வரையறை, பரந்த நிலப்பரப்பில் இயங்கும் சூழலமைப்பையும் அதைச் சார்ந்த உயிரினங்களையும் காப்பதை முதன்மையாக வைத்து, சுற்றுலா, கல்வி, ஆய்வு ஆகியவற்றை அதற்கு ஊறு நேராத அளவில் ஏற்றுக்கொள்கிறது. இந்த வரிசைதான் சரியென்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: காட்டை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதாதா ஐயா? மேலாண்மை எதற்கு?

பதில்: பல பூங்காக்களில் மனிதர்கள் முன்பே தலையிட்டுவிட்டார்கள் என்பதால், விட்டுவிடுவதும் ஒரு மேலாண்மை முடிவாகவே அமைகிறது. யெல்லோஸ்டோனில் ஓநாய்களைத் தீங்கு செய்யும் விலங்குகளாகக் கருதி 1926ஆம் ஆண்டளவில் அடியோடு அழித்தார்கள். வேட்டையாடும் விலங்கு இல்லாத நிலையில் பெருகிய எல்க் மான்கள் ஆற்றங்கரை வில்லோ மரங்களின் தளிர்களைத் தொடர்ந்து மேய்ந்தன. அம்மரங்களை நம்பியிருந்த, ஓடைகளில் அணை கட்டி வாழும் கொறித்துண்ணிகளான பீவர்களும் குறைந்தன. 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்ட பிறகு மான்கள் குறைந்து, சில இடங்களில் வில்லோ மரங்கள் மீண்டும் தழைத்தன. ஆயினும் இந்த மீட்சியில் ஓநாய்களின் பங்கு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. ஓர் இனத்தை அழிப்பது எளிது, அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது மிகக் கடினம் என்பதில் ஐயமில்லை.

நெருப்பும் இத்தகையதே. 1988இல் அப்பூங்காவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீயால் பாதிக்கப்பட்டபோது பலர் அதைப் பேரழிவென்றே எண்ணினார்கள். ஆனால் அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரங்களின் கூம்புகளில் பல வெப்பம் பட்டால்தான் திறந்து விதை சிந்தும். அதனால் எரிந்த நிலத்தில் இளங்கன்றுகள் அடர்த்தியாக முளைத்தன.

கேள்வி: பூங்காவுக்காக மக்களை வெளியேற்றுவது நியாயமா?

பதில்: நியாயமில்லை. 1959இல் இன்றைய தான்சானியாவிலுள்ள செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து, அங்கே கால்நடை மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டது இத்துறையின் வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பக்கம். ஆஸ்திரேலியாவில் உலுரு என்னும் பெரும்பாறை அமைந்த பூங்கா வேறொரு வழியைக் காட்டுகிறது: 1985இல் அந்நிலம் அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பி அளிக்கப்பட்டு, அவர்களிடமிருந்து அரசால் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டுக் கூட்டாக நிர்வகிக்கப்படுகிறது. அவர்களுக்குப் புனிதமான அப்பாறையின்மீது ஏறுவது 2019 அக்டோபரில் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது.

கேள்வி: நுழைவுக் கட்டண வருவாயைக் கொண்டே பூங்காவை நடத்த முடியாதா?

பதில்: அதை மட்டும் நம்பக் கூடாது. 2020இல் பெருந்தொற்றால் பயணம் நின்றபோது, சுற்றுலாவைச் சார்ந்திருந்த பூங்காக்கள் காவலர் ஊதியத்துக்கே திண்டாடின.

கேள்வி: இன்றைய மிகப் பெரிய சவால் எது?

பதில்: எல்லைக்கோடு என்பேன். செரெங்கெட்டியின் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மறிமான் மந்தைகள் மழையையும் புல்லையும் தேடி, நாட்டின் எல்லையைக் கடந்து கென்யாவின் மாசாய் மாரா வரை ஆண்டுதோறும் சென்று திரும்புகின்றன. ஒரு பூங்காவை மட்டும் காத்து அவற்றைக் காக்க முடியாது. சாலைகளும் வேலிகளும் வயல்களும் சூழச் சூழ, பூங்கா தனித்தீவாகி, உள்ளிருக்கும் சிறு விலங்குக் கூட்டங்கள் மரபணு வளமிழந்து மெலிகின்றன. இதற்குத் தீர்வு இருக்கிறது. கனடாவின் பான்ஃப் பூங்காவில் நெடுஞ்சாலையின் இருபுறமும் வேலியிட்டு, விலங்குகள் கடக்க மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் அமைத்ததால் வாகனம் மோதி இறக்கும் விலங்குகள் பெருமளவு குறைந்தன. 2030க்குள் உலக நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 விழுக்காட்டைக் காப்பதென 2022இல் நாடுகள் உடன்பட்டுள்ளன. பரப்பை மட்டும் கூட்டிவிட்டு, பூங்காக்களை இணைக்கும் இடைவழிகளை மறந்துவிடுவார்களோ என்பதே என் கவலை.

கேள்வி: பார்வையாளர்கள் விலங்குகளுக்கு உணவளித்தால் என்ன கெடுதல்?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். மனித உணவுக்குப் பழகிய கரடி, மனிதரைத் தேடி வரும். பிறகு ஆபத்தானதெனக் கருதி அதைக் கொல்ல நேரும்.