டிராஃப்ட்டுக்கு முன் ரிசீவர்களை வரிசைப்படுத்துவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஃபேன்டசி ஃபுட்பால் டிராஃப்ட்டைப் பற்றியவையாகவே இருக்கும். அமெரிக்க ஃபுட்பாலின் என்எஃப்எல் ஆட்டக்காரர்களை, தங்களுக்குள் லீக் அமைத்துக்கொண்டவர்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்து (அதுவே டிராஃப்ட்), களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு அது. இம்முறை வந்தவற்றுள் வைட் ரிசீவர்களை, அதாவது எறியப்படும் பந்தைப் பிடிப்பவர்களை, வரிசைப்படுத்துவது குறித்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிற ஆட்டக்காரர்களைப் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் லீக்கில் இந்த ஆண்டுதான் முதன்முறையாகச் சேர்ந்திருக்கிறேன். சென்ற சீசனில் அதிகப் புள்ளிகள் பெற்ற ரிசீவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுத்து வந்தால் போதாதா?
— வாசகி, நியூ ஜெர்சி

போதாது. அந்தப் பட்டியல் நடந்து முடிந்தவற்றின் கூட்டுத்தொகை. வரப்போகும் சீசனில் ஒருவரை நோக்கி எத்தனை பந்துகள் எறியப்படும் என்பதே உங்களுக்குத் தெரிய வேண்டியது. பந்தை எறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் ஒரு ரிசீவரைக் குறிவைத்து எறியும் ஒவ்வொரு பந்தும் ஒரு டார்கெட். அவர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அது கணக்கில் சேரும். கேட்ச் (பிடித்த பந்து), யார்டு (முன்னேறிய தூரம்), டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டி எண்ட் ஸோனுக்குள் பந்தைச் சேர்ப்பது) ஆகிய மூன்றும் டார்கெட்டிலிருந்து பிறப்பவை. அவற்றுள் ஆண்டுக்கு ஆண்டு மிக அதிகமாக ஏறி இறங்குவது டச்டவுன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளிகள் என்பதால் பட்டியலில் ஒருவரைத் தூக்கி நிறுத்துவதும் கீழே தள்ளுவதும் அதுவேதான்.

ஜஹான் டாட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டன் அணிக்காக 2022-இல் ரூக்கியாக (முதல் சீசன் ஆட்டக்காரராக) ஆடிய அவர் 35 கேட்ச்களில் 7 டச்டவுன் எடுத்தார். அதாவது ஐந்து கேட்ச்சுக்கு ஒன்று. எந்த ரிசீவராலும் தொடர்ந்து காப்பாற்ற முடியாத விகிதம் அது. மறு ஆண்டு 49 கேட்ச்கள் பிடித்தும் அவருக்கு நான்கு டச்டவுன்களே கிடைத்தன. இதற்கு நேர்மாறானவர் டியான்டே ஜான்சன். பிட்ஸ்பர்க் அணியில் 2021-இல் 107 கேட்ச்களும் 8 டச்டவுன்களும் எடுத்த அவர், குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பர்கர் ஓய்வு பெற்றபின் 2022-இல் 147 டார்கெட்டுகளையும் 86 கேட்ச்களையும் பெற்று, சீசன் முழுவதும் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு 51 கேட்ச்கள்தாம் பிடித்தார். டச்டவுன் ஐந்து வந்தன. டச்டவுன் எண்ணிக்கையை நம்பி ஒருவரை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது என்பதற்கு இவ்விருவரைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

டார்கெட் முன்கூட்டியே பேசும் என்பதை எனக்கு உணர்த்தியவர் பூக்கா நகுவா. என்எஃப்எல் அணிகள் புதியவர்களை எடுக்கும் டிராஃப்ட்டின் ஐந்தாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் தேர்ந்தெடுத்த அவரை 2023 ஃபேன்டசி டிராஃப்ட் நாளன்று பெரும்பாலான லீக்குகளில் யாரும் தொடவில்லை. ராம்ஸின் முதன்மை ரிசீவர் கூப்பர் கப் காயத்தால் முதல் நான்கு ஆட்டங்களில் ஆடவில்லை. முதல் ஆட்டத்தில் நகுவாவை நோக்கி 15 பந்துகள் வந்தன, பத்தைப் பிடித்தார். இரண்டாவது ஆட்டத்தில் 20 பந்துகள் வந்தன, பதினைந்தைப் பிடித்தார். இவ்வளவுக்கும் அவருடைய முதல் டச்டவுன் நான்காவது வாரம் இண்டியானாபொலிஸில், கூடுதல் நேரத்தில்தான் வந்தது. டச்டவுன் வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அதற்குள் அவர் கிடைக்காமல் போயிருந்தார். அந்த சீசனை 105 கேட்ச், 1,486 யார்டு என்று ரூக்கிகளுக்கான அன்றைய சாதனைகளோடு முடித்தார்.

ஆகவே முதல் வரிசையை எழுதும்போது புள்ளிவிவரத் தாளில் டச்டவுன் கட்டத்தை இன்னொரு தாளால் மறைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை டார்கெட், அணி எறியும் பந்துகளில் அவருக்கு எத்தனை பங்கு என்ற இரண்டை மட்டும் கொண்டு பட்டியலை எழுதி முடித்த பிறகே தாளை எடுங்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒருவருக்கே போகிறதென்றால் அவர் அணியின் முதன்மை ரிசீவர் என்பதில் ஐயமில்லை. அடுத்தபடியாக அந்த டார்கெட்டுகள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். எறியும் இடத்துக்கு அருகிலேயே கையில் கொடுப்பதுபோல் வரும் பந்தும், இருபது யார்டு தாண்டி வரும் பந்தும், எண்ட் ஸோனுக்குள் உயர எறியப்படும் பந்தும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஆறடி ஐந்து அங்குல மைக் எவன்ஸ் போன்ற ஒருவருக்கு எண்ட் ஸோன் ஓரத்தில் பந்து வந்துகொண்டே இருக்கிறதென்றால் அவருடைய டச்டவுன்களைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரே ரிசீவரை ஒரு பட்டியல் மிக மேலேயும் இன்னொரு பட்டியல் மிகக் கீழேயும் வைத்திருக்கிறது. எதை நம்புவது?
— வாசகர், டெக்சாஸ்

பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும். அவை வெவ்வேறு விதிகளுக்காக எழுதப்பட்டிருக்கும். பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு என்பது ஏறத்தாழ எல்லா லீக்கிலும் பொது. பிபிஆர் லீக்கில் ஒவ்வொரு கேட்ச்சுக்கும் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு. அரை பிபிஆரில் அரைப் புள்ளி. பழைய முறையில் எதுவும் இல்லை. ஏழு கேட்ச், 92 யார்டு, ஒரு டச்டவுன் எடுத்தவருக்குப் பழைய முறையில் 15.2 புள்ளிகள், அரை பிபிஆரில் 18.7, முழு பிபிஆரில் 22.2.

2023-இல் மைக் எவன்ஸ் 79 கேட்ச், 1,255 யார்டு, 13 டச்டவுன் எடுத்தார். கீனன் ஆலன் 108 கேட்ச், 1,243 யார்டு, 7 டச்டவுன் எடுத்தார். பழைய முறையில் எவன்ஸ் 203.5, ஆலன் 166.3, இடைவெளி 37 புள்ளிகளுக்கு மேல். முழு பிபிஆரில் எவன்ஸ் 282.5, ஆலன் 274.3; இடைவெளி எட்டு புள்ளிகள்தாம். ஆலன் 13 ஆட்டங்களே ஆடினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பிபிஆரில் ஓர் ஆட்டத்துக்கான சராசரியில் அவர் எவன்ஸை வெகுதூரம் விஞ்சிவிடுகிறார். உங்கள் லீக்கின் விதிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, அதற்கென எழுதப்பட்ட பட்டியலை மட்டும் கையில் எடுங்கள்.

காயத்தால் பாதி சீசன் ஆடாத ஒரு ரிசீவரை எங்கே வைப்பது?
— வாசகர், மிச்சிகன்

மொத்தப் புள்ளிகளை விட்டுவிட்டு ஆட்டச் சராசரியைப் பாருங்கள். ஜஸ்டின் ஜெபர்சன் 2022-இல் 17 ஆட்டங்களில் 1,809 யார்டு எடுத்தார். தொடைத் தசைக் காயத்தால் 2023-இல் பத்து ஆட்டங்களே ஆடி 1,074 யார்டு எடுத்தார். மொத்தத்தைப் பார்த்தால் பெரும் வீழ்ச்சி. ஆட்டத்துக்கு என்று வகுத்தால் 106, 107 என்று கிட்டத்தட்ட ஒரே எண். அவருடைய ஆட்டம் குறையவே இல்லை. 2024-இல் மீண்டும் 17 ஆட்டங்களும் ஆடி 1,533 யார்டு எடுத்தார்.

இருப்பினும் எல்லாக் காயங்களையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். 2019-இல் 149 கேட்ச் பிடித்து ஒரு சீசனுக்கான சாதனை படைத்த மைக்கேல் தாமஸை 2020-இல் நான் முதல் சுற்றில் எடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் கணுக்காலில் அடிபட்டது. அந்த சீசனில் ஏழு ஆட்டங்கள், 40 கேட்ச்கள், டச்டவுன் இல்லை. அந்தத் தேர்வில் பிழை இருந்ததாக இன்றும் நான் கருதவில்லை, ஏனெனில் அடிபடும் என்று முன்கூட்டி அறிய வழியில்லை. மறு ஆண்டும் காயம் ஆறாமலிருந்த அவரை, பெயரை நம்பி மீண்டும் எடுத்தேனே, அதுதான் பிழை. 2021 முழுவதும் அவர் ஆடவே இல்லை. ஆறிவிட்ட காயமா, ஆறாத காயமா என்பதே கேள்வி. பயிற்சி முகாமில் அவர் முழுமையாகப் பயிற்சி செய்கிறாரா என்ற செய்தியை டிராஃப்ட் நாள் காலைவரை கவனியுங்கள்.

அணி மாறிய ரிசீவரையும், குவார்ட்டர்பேக் மாறிய ரிசீவரையும் கீழே இறக்க வேண்டுமா?
— வாசகி, கலிபோர்னியா

இறக்க வேண்டும் என்றுதான் 2022 மார்ச் மாதத்தில் பலரும் சொன்னார்கள். அந்த ஒரே மாதத்தில் டாவான்டே ஆடம்ஸ் தம் குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸைப் பிரிந்து லாஸ் வேகாஸுக்கும், டைரீக் ஹில் தம் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸைப் பிரிந்து மயாமிக்கும் சென்றனர். ஆடம்ஸ் 1,516 யார்டும் 14 டச்டவுனும் எடுத்தார். ஹில் 1,710 யார்டு எடுத்தார். புதிய அணிகள் பெரும் விலை கொடுத்து அவர்களை வாங்கியதே பந்தை அவர்களிடம் கொடுப்பதற்காகத்தான் என்பதால் இருவருக்கும் டார்கெட் குறையவில்லை. எனவே புதிய அணியில் அவருடைய இடம் என்ன, அங்கே ஏற்கெனவே பந்தைப் பகிர்ந்துகொள்ள யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது, குவார்ட்டர்பேக் அடிபட்டால் அடுத்தபடியாக யார் எறிவார் என்பதைப் பற்றித்தான். 2023-இல் 1,799 யார்டு எடுத்த அதே ஹில், மயாமியின் குவார்ட்டர்பேக் டூவா டாகவைலோவா பதினோரு ஆட்டங்களே ஆடிய 2024-இல் 959 யார்டோடு நின்றார். ஹில்லுக்கும் மணிக்கட்டுக் காயம் இருந்தது. ஏறத்தாழச் சமமான இரு ரிசீவர்களுக்கு இடையே தயங்கினால், நம்பகமான மாற்றுக் குவார்ட்டர்பேக் உள்ள அணிக்காரரை மேலே வைக்கலாம்.

ஒன்றிலிருந்து ஐம்பதுவரை எண்ணிட்டு அழகாகப் பட்டியல் எழுதினேன். ஆனால் டிராஃப்ட் இரவில் கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் ரிசீவரை எடுப்பதா, ரன்னிங் பேக்கை (பந்தோடு ஓடுபவரை) எடுப்பதா என்று குழம்பிவிட்டேன். பட்டியல் உதவவில்லையே?
— வாசகர், இல்லினாய்

பட்டியலில் எண்கள் இருந்தன; கோடுகள் இல்லை. பதினொன்றாம் ரிசீவருக்கும் பன்னிரண்டாமவருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றுமில்லாததாக இருக்கலாம். பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் இடையே பள்ளம் இருக்கலாம். எண்கள் இரண்டையும் ஒரே படியாகக் காட்டிவிடும். ஆகவே, யாரை எடுத்தாலும் உங்களுக்கு ஏறக்குறைய ஒரே மகிழ்ச்சிதான் என்று தோன்றும் வரையில் பெயர்களை ஒரே குழுவாக வைத்து, அந்த மகிழ்ச்சி சட்டென்று குறையும் இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். இதைத்தான் டியர் என்கிறார்கள். ஒவ்வொரு டியரிலும் ஒரே எண்ணிக்கையில் பெயர்கள் இருக்க வேண்டியதில்லை. முதல் டியரில் மூவரும் நான்காவதில் பதினான்கு பேரும் இருந்தால் அப்படியே விடுங்கள். ரன்னிங் பேக்குகளுக்கும் இதேபோல் கோடு போட்டு, இரண்டு தாள்களையும் அருகருகே வையுங்கள்.

அன்றைய இரவில் அது எப்படிப் பயன்படும் என்று பாருங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட, சுற்றுக்குச் சுற்று தேர்வு வரிசை தலைகீழாகத் திரும்பும் ஸ்னேக் டிராஃப்ட்டில் உங்களுக்கு ஏழாவது இடம் என்றால், முதல் சுற்றில் ஏழாவதாகவும் இரண்டாவது சுற்றில் பதினெட்டாவதாகவும் மூன்றாவது சுற்றில் முப்பத்தொன்றாவதாகவும் எடுப்பீர்கள். பதினெட்டாவது தேர்வு வரும்போது இரண்டாவது டியர் ரிசீவர்களில் ஒருவர் மட்டுமே யாராலும் எடுக்கப்படாமல் எஞ்சியிருக்கிறார். ரன்னிங் பேக் தாளிலோ ஒரே டியரில் ஆறு பேர் எஞ்சியிருக்கிறார்கள். அடுத்து உங்கள் முறை வருவதற்குள் பன்னிரண்டு பேர் எடுக்கப்பட்டுவிடுவார்கள். அந்த ஒரு ரிசீவர் நிச்சயம் திரும்பி வரமாட்டார். ஆறு ரன்னிங் பேக்குகளில் ஒருவராவது எஞ்சுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. எண் வரிசையில் ரன்னிங் பேக் ஓரிரு இடம் மேலே இருந்தாலும் அப்போது ரிசீவரையே எடுக்க வேண்டும். கடிகாரத்தில் முப்பது நொடி இருக்கும்போதும் இந்த முடிவைத் தாளைப் பார்த்தே எடுத்துவிடலாம்.

கோட்டை எங்கே போடுவது என்பதில் லீக்கின் அமைப்புக்கும் பங்குண்டு. பன்னிரண்டு அணிகள் வாரந்தோறும் மூன்று ரிசீவர்களை இறக்கினால் 36 ரிசீவர்கள் களத்தில் இருப்பார்கள்; இரண்டு பேரை மட்டும் இறக்கினால் 24. முதல் லீக்கில் முப்பதாவது ரிசீவர் ஒவ்வொரு வாரமும் தேவைப்படுபவர். இரண்டாவதில் அவர் பெஞ்சில் அமர்பவர். மூன்று ரிசீவர் லீக்குகளில் பலரும் மேல் டியர்களை முன்கூட்டியே காலி செய்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

ஒரே பை வீக் உள்ள இரண்டு ரிசீவர்களை எடுக்கலாமா?
— வாசகர், ஓஹையோ

எடுக்கலாம். பை வீக் என்பது ஓர் அணிக்கு ஆட்டமில்லாத ஓய்வு வாரம்; பதினெட்டு வாரங்களில் ஒரே ஒரு வாரத்துக்காக மேல் டியரில் உள்ளவரை விட்டுவிட்டுக் கீழ் டியரில் உள்ளவரை எடுப்பது நட்டம்.

ரூக்கி ரிசீவர்களை நம்பி எடுக்கலாமா? என் கணவர் கூடவே கூடாது என்கிறார்.
— வாசகி, ஜார்ஜியா

உங்கள் கணவரின் கருத்து ஒரு காலத்தில் பொதுவாக எல்லோரும் சொல்லிவந்ததுதான். அண்மைய சீசன்கள் அதைப் பெரிதும் மாற்றிவிட்டன. ரூக்கியாகவே ஜெபர்சன் 2020-இல் 1,400 யார்டும், ஜமார் சேஸ் 2021-இல் 1,455 யார்டும் 13 டச்டவுனும் எடுத்தார்கள். மலிக் நேபர்ஸ் 2024-இல் 109 கேட்ச் பிடித்தார். அதே ஆண்டில் எல்லோரும் பெரிதும் எதிர்பார்த்த மார்வின் ஹாரிசன் ஜூனியர் 62 கேட்ச், 885 யார்டு எடுத்தார். மோசமான கணக்கன்று, ஆனால் அவரை மிக முன்னதாக எடுத்தவர்களுக்கு அது போதவில்லை. ரூக்கி என்பதற்காக ஒருவரை ஒதுக்க வேண்டாம், புகழுக்காக விலையை ஏற்றவும் வேண்டாம் என்பதே என் கருத்து. அணியில் ரிசீவர் இடம் காலியாக இருந்து, முகாமின் முதல் நாளிலிருந்தே அணியின் முதன்மை ஆட்டக்காரர்களோடு ஆடுகிறார் என்றால் மூன்றாவது டியரில் தயங்காமல் வையுங்கள்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மாத முன்னோட்ட ஆட்டங்களைக் கண்டு மனம் மாறாதீர்கள். 2021 முன்னோட்ட ஆட்டங்களில் சேஸ் பந்துகளைத் தொடர்ந்து தவறவிட்டார். அதைப் பார்த்துப் பலர் அவரைக் கீழே தள்ளினார்கள். சீசன் தொடங்கிய பிறகும் பொறுமை வேண்டும்: ஜெபர்சனும் 2020 சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் ஐந்து கேட்ச்களே பிடித்தார். மூன்றாவது ஆட்டத்தில் 175 யார்டு எடுத்தார். ஆகவே ரூக்கியை எடுத்தால், குறைந்தது நான்கு வாரமாவது அவரை உங்கள் பெஞ்சில் வைத்திருக்க இடம் ஒதுக்கிவிட்டு எடுங்கள்.