வீடு அழுது வடிகிறதா? விளக்கும் அலங்காரமும்: கேள்வி பதில்

மதுரையில் 19 வயதில் ஒயர் இழுக்கும் கையாளாக வேலைக்குப் போனவன் நான். இப்போது வீட்டு உள்அலங்காரத்தில் விளக்கு வேலையை மட்டும் எடுத்துச் செய்கிறேன். வந்த கேள்விகளில் பல ஒரே மாதிரி இருந்ததால் சேர்த்துவிட்டேன். பெரிய பதில், சின்ன பதில் என்று வித்தியாசம் இருக்கும், கோபிக்க வேண்டாம்.

கேள்வி (திருச்சி): அண்ணா, ஹாலில் இருந்த டியூப்லைட்டை எடுத்துவிட்டு வார்ம் ஒயிட் பல்பு போட்டேன். "விளக்கு வைக்கிற நேரத்துல வீடு அழுது வடியுது"ன்னு மாமியார் தினமும் சொல்றாங்க. வீட்டுக்காரரும் அவங்க பக்கம்தான். யார் சரி?

மாமியார் சரி. ஆனால் குற்றவாளி மஞ்சள் நிறம் இல்லை. நீங்கள் கழற்றியது 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூப்லைட் என்றால் அது சுமார் 2,000 லூமென் வெளிச்சம் கொடுத்திருக்கும். மாட்டியது 9 வாட்ஸ் பல்பு என்றால் 900 லூமென் வந்தாலே பெரிது. பாதிக்கு மேல் வெளிச்சம் காணாமல் போயிருக்கிறது, பழி மட்டும் நிறத்தின் மேல் விழுந்துவிட்டது. பல்பு அட்டைப்பெட்டியில் வாட்ஸைப் பார்க்காதீர்கள், அது கரண்ட் பில்லுக்கான கணக்கு. லூமென்தான் வெளிச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. குண்டு பல்பு போய் டியூப்லைட் வந்த காலத்தில் 'பளிச்' என்பது வசதியின் அடையாளம், சுத்தத்தின் அடையாளம். அந்தக் கண்ணை ஒரு பல்பு மாற்றிவிடாது, மாற்றவும் தேவையில்லை. டியூப்லைட்டைத் திரும்ப மாட்டுங்கள். ஆனால் பழைய 6500 கெல்வின் வேண்டாம், 4000 கெல்வின் வாங்குங்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். கடையில் 'நேச்சுரல் ஒயிட்' என்று கேட்டால் தருவார்கள். நீலம் பாய்ந்த ஆஸ்பத்திரி வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை. பிள்ளைகள் படிப்பது, ஆட்கள் வருவது எல்லாம் அந்த வெளிச்சத்தில் நடக்கட்டும்.

அதோடு சோபாவுக்குப் பக்கத்து மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என இரண்டு மஞ்சள் விளக்குகள், தனித்தனி சுவிட்சில். 2700 அல்லது 3000 கெல்வின். உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற உயரம் போதும். வெளிச்சம் தரையில் கொட்டாமல் சுவரில் விழ வேண்டும். சுவர் வெளிச்சமாக இருந்தால் அறை பெரிதாகத் தெரியும், தரை மட்டும் வெளிச்சமாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டியூப்லைட்டை அணைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். சீரியல் நேரத்தில் "பெரிய லைட்டை அமத்து, கண்ணு கூசுது" என்று மாமியார்மார்களே சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும்.

கேள்வி (கோவை): புது ஃபிளாட். 10-க்கு 14 ஹால், தளம் 9 அடி உயரம்தான். ஃபால்ஸ் சீலிங் போட்டு 12 டவுன்லைட் வைக்கணும்னு இன்டீரியர்காரர் சொல்றார். தேவையா சார்?

9 அடி உயரத்தில் ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங் இறக்கினால் அரை அடி போய்விடும். கையைத் தூக்கினால் ஃபேன் பக்கத்தில் வரும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுவரோரம் ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை அடி அகலத்தில் இறக்கி, அதற்குள் மறைவு வெளிச்சம் விடச் சொல்லுங்கள். நடுத்தளம் அப்படியே இருக்கட்டும்.

12 டவுன்லைட் என்பது ஜவுளிக்கடைக் கணக்கு. எண்ணிக்கையை விட இடம்தான் முக்கியம். ஃபேன் இறக்கைக்கு மேலே டவுன்லைட் வந்தால் இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், அறையே துடிப்பது போலத் தெரியும். அதில் அரை மணி உட்கார்ந்தால் தலைவலி வரும். 48 அங்குல ஃபேன் என்றால் இறக்கை மையத்திலிருந்து 2 அடி நீண்டிருக்கும். விளக்கு குறைந்தது 3 அடி தள்ளி, முடிந்தால் 4 அடி தள்ளி இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தை வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிட்டு ஜிப்சம் ஆளை வேலை தொடங்கச் சொல்லுங்கள். ஓட்டை போட்ட பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி (சென்னை, வாடகை வீடு): ஒரு ஆணி அடிச்சாலும் அட்வான்ஸில் பிடிச்சுக்குவேன்னு ஹவுஸ் ஓனர் சொல்லியிருக்கார். ஐயாயிரத்துக்குள்ள ஏதாவது செய்ய முடியுமா அண்ணா?

முடியும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி, ஆணியே அடிக்காததால் வேண்டாத விஷயங்களும் சுவரில் ஏறுவதில்லை.

முதலில் இருக்கிற ஹோல்டர்களில் பல்பை மாற்றுங்கள். நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பின் மாட்டுகிற பி22 ஹோல்டர்தான். ஆன்லைனில் வாங்கும் அழகு விளக்குகள் பல மரையுள்ள இ27. அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுப் பிறகு அடாப்டர் தேடி அலைவார்கள். பழைய பல்பைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், காலி செய்யும்போது மாட்டிவிட்டுப் போகலாம்.

அடுத்து, பிளக்கில் செருகும் விளக்கு இரண்டு. கடையில் விற்கும் டேபிள் லேம்பே வேண்டும் என்றில்லை. பனை ஓலைக் கூடை, செட்டிநாட்டுக் கொட்டான் மாதிரி இடைவெளி விட்டுப் பின்னியது இருந்தால் கவிழ்த்து வைத்து, உள்ளே ஹோல்டர் ஒயரோடு 5 வாட்ஸ் எல்.இ.டி. போடுங்கள். பின்னல் நிழல் சுவர் முழுக்க விழும். எல்.இ.டி. மட்டும்தான், பழைய குண்டு பல்பு போட்டால் ஓலை கருகும்.

மிச்சப் பணத்தைத் துணியில் போடுங்கள். ஒரு பவானி ஜமக்காளம் தரைக்கு, அல்லது ஒரு பத்தமடைப் பாய். சோபாவுக்குச் சென்னிமலைப் போர்வை. மஞ்சள் வெளிச்சத்தில் ஜமக்காளத்தின் சிவப்பும் பச்சையும் எழுந்து நிற்கும், வெள்ளை டியூப்லைட்டில் அதே ஜமக்காளம் கல்யாண மண்டபத்தை நினைவூட்டும். ஜன்னல் திரையை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் தரை தொடுகிற நீளத்தில் வாங்குங்கள். ஜன்னலோடு நின்றுபோகும் அரைத் திரை தளத்தை இன்னும் இறக்கிக் காட்டும்.

கேள்வி (காஞ்சிபுரம்): கடையில் அரக்கு கலர்ல எடுத்த பட்டுப்புடவை வீட்டுக்கு வந்தா காப்பித்தூள் மாதிரி இருக்கு. கடைக்காரர் ஏமாத்தினாரா?

இந்த முறை கடைக்காரர் மேல் தப்பில்லை. உங்கள் வீட்டு பல்பில்தான் கோளாறு. வெள்ளை எல்.இ.டி.யின் சிப் உண்மையில் நீல ஒளியைத்தான் தருகிறது. அதன் மேல் பாஸ்பர் என்கிற ஒளிரும் மஞ்சள் பூச்சைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மலிவான பல்புகளில் பூச்சும் மலிவு, சிவப்பு வெளிச்சம் ரொம்பக் குறைவு. விளக்கில் சிவப்பு இல்லாவிட்டால் புடவையில் இருக்கிற அரக்கு எப்படிக் கண்ணுக்கு வரும்?

அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது. சாதாரண பல்பு 80. கண்ணாடி முன்னால், பீரோ பக்கத்தில், சமையல் மேடையில் மட்டும் 90-க்கு மேல் வாங்குங்கள். வீடு முழுக்கத் தேவையில்லை. கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து எல்லோரும் தூங்காதவர்கள் போலத் தெரிவார்கள். இரண்டு பக்கமும் முகத்தின் உயரத்தில் வையுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): கோவ் லைட்டுக்கு (சீலிங் ஓரத்து மறைவு வெளிச்சம்) போட்ட எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஆரம்பத்தில் பளிச், கடைசியில் மங்கல். இப்போ நடுவில் ஒரு துண்டு சிமிட்டவும் செய்யுது. மூணு மாசம்தான் ஆச்சு.

இதே தப்பை நான் என் வீட்டிலேயே செய்திருக்கிறேன். முதல் முதலாக ஸ்ட்ரிப் வந்த நேரம். சிக்கனம் என்று 10 மீட்டரை ஒரே நீளமாகப் பிடித்து ஒரு முனையில் டிரைவர், அதாவது வீட்டுக் கரண்டை ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி, கொடுத்தேன். போட்டவுடன் வீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கடைசி மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் மீட்டர் வெள்ளை, கடைசி மீட்டர் பழுப்பு. அன்று ராத்திரியே ஏணி போட்டு இறக்கினேன், மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் 5 மீட்டர் தாண்டினால் வோல்டேஜ் இறங்கிவிடும். 5 மீட்டருக்கு ஒரு கரண்ட் இணைப்பு கொடுங்கள், அல்லது இரண்டு முனையிலும் கொடுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் 24 வோல்ட் எடுங்கள், இறக்கம் குறைவு. டிரைவர் கணக்கும் பாருங்கள். மீட்டருக்கு 10 வாட்ஸ் என்றால் 5 மீட்டருக்கு 50 வாட்ஸ். அதற்குச் சரியாக 50 வாட்ஸ் டிரைவர் வாங்கக் கூடாது, 60 வாங்க வேண்டும். எந்நேரமும் மூச்சு முட்ட ஓடுகிற டிரைவர் நம் ஊர் மே மாதத்தைத் தாண்டாது.

சிமிட்டும் துண்டு பெரும்பாலும் சூட்டில் சாலிடர் விட்டது. ஜிப்சத்தில் நேராக ஒட்டியிருப்பார்கள். அலுமினியம் புரொஃபைலில் ஒட்டினால் சூடு வெளியேறும். டிரைவரைக் கை எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங்கை உடைத்து டிரைவர் மாற்றிய வீடுகளைப் பார்த்துவிட்டேன்.

கேள்வி (தஞ்சாவூர்): கல்யாணப் பரிசாக வந்த தஞ்சாவூர் ஓவியம், கண்ணாடி போட்டது. லைட் போட்டால் கிருஷ்ணன் தெரியாமல் என் முகம்தான் தெரியுது.

விளக்கு படத்துக்கு நேர் எதிரே இருக்கிறது, அதனால்தான். தளத்திலிருந்து படத்தின் நடுவுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில் ஒரு ஸ்பாட்லைட் விடுங்கள். பிரதிபலிப்பு தரைப் பக்கம் போய்விடும். 3000 கெல்வின் போதும். தங்க ரேக்கும் மேடாக எழுப்பிய சுண்ணாம்பு வேலையும் பக்கவாட்டில் வருகிற மஞ்சள் வெளிச்சத்துக்காகவே செய்தது மாதிரி இருக்கும். எதிர்ச் சுவரில் ஜன்னல் இருந்தால் படத்தைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

கேள்வி (காரைக்குடி): பூர்வீக வீடு, முகப்பும் பட்டாலையும் பகலிலேயே இருட்டு. எல்லாத் தூணுக்கும் சுவருக்கும் வெள்ளை பெயின்ட் அடிச்சிடலாமான்னு தம்பிமார் கேக்கறாங்க.

தயவுசெய்து நிறுத்துங்கள். பர்மாத் தேக்குத் தூணில் பெயின்ட் அடித்தால் திரும்ப எடுக்க உங்கள் பேரன் செலவு செய்வான். சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பழைய பூச்சாக இருந்தால், அது தானாகவே கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். ஐம்பது வருட அழுக்கு மேலே நிற்கிறது, அவ்வளவுதான். ஈரத் துணியால் ஒரு சதுர அடி துடைத்துப் பாருங்கள். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் இரண்டு மழைக்காலத்தில் பொருக்கு விடும்.

அந்த வீடுகளைக் கட்டினவர்கள் வெளிச்சத்தை வளவிலிருந்து, அதாவது நடு முற்றத்திலிருந்து எடுத்தார்கள். முற்றத்துக்கு மேலே பச்சை ஃபைபர் ஷீட் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பாதி இருட்டு அங்கேயே தீரும். மழைக்குத் தடுப்பு வேண்டும் என்றால் நிறமில்லாத ஷீட். ராத்திரிக்குத் தூண் அடியில் மேல்நோக்கிய சின்ன விளக்குகள், 2700 கெல்வின். வெளிச்சம் தூணில் ஏறி மரக்கூரையில் பட்டு இறங்கும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை மேல் ஸ்பாட்லைட் எதுவும் விட வேண்டாம், அந்த இறங்குகிற வெளிச்சமே போதும். ஒயருக்காகச் சுவரை வெட்டாமல், மேலோட்டமான குழாயில் தூணின் நிறத்தில் கொண்டுபோகலாம்.

கேள்வி (சேலம்): சுவிட்சை அணைச்ச பிறகும் பெட்ரூம் எல்.இ.டி. மினுக்கு மினுக்குன்னு எரியுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா? அதன் வழியாகக் கசிகிற துளி கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் மாற்றினால் சரியாகும். இண்டிகேட்டரே இல்லை என்றால், ஃபேஸுக்கு (கரண்ட் வருகிற ஒயர்) பதில் நியூட்ரலை சுவிட்சில் கொடுத்திருக்கலாம். அது ஆபத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மழை விட்டதும் ஈசல் வாசல் லைட்டை மொய்க்குது. பூஜை அறையில் வேற எல்.இ.டி. சீரியல் செட் போடலாமான்னும் சொல்லுங்க.

வாசலுக்கு 2700 கெல்வின் மஞ்சள் போடுங்கள். நீலம் குறைந்தால் பூச்சி குறையும், அடியோடு நிற்காது. கதவுக்கு நேர் மேலே இல்லாமல் கேட் தூணில் மாட்டினால் வருகிறதும் அங்கேயே நின்றுவிடும்.

பூஜை அறைக்கு சீரியல் செட் வேண்டாம் என்பது என் சொந்த ருசி. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்றை ஏற்றிவிட்டு மற்ற விளக்கை அணைத்துப் பாருங்கள். சுடர் சுமார் 1900 கெல்வின்தான், வழக்கமாக வீட்டில் போடுகிற பல்பு அந்த நிறத்துக்கு இறங்கி வராது. பக்கத்தில் மின்விளக்கு வேண்டும் என்றால் மறைவாக, மங்கலாக. சுடருக்கு மேலே பிளாஸ்டிக் மாலையோ ஸ்ட்ரிப்போ தொங்கக் கூடாது.

கேள்வி (ஈரோடு): சமைக்கும்போது என் நிழலே காய் வெட்டற இடத்தில் விழுது அண்ணா.

லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி ஒரு 2 அடி பேட்டன் (நீளப் பட்டை விளக்கு), 4000 கெல்வின். முடிந்தது.

கேள்வி (விருதுநகர்): அப்பாவுக்கு 78 வயது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். ஜீரோ வாட்ஸ் போட்டாலும் தட்டுத் தடுமாறுகிறார். பெரிய லைட் போட்டால் தூக்கம் போகிறது என்கிறார்.

ஜீரோ வாட்ஸ் மேலே எரிகிறது, அவருக்கு வெளிச்சம் வேண்டியது காலடியில். பிளக்கில் செருகும் சென்சார் விளக்கு, மஞ்சள் நிறத்தில், இரண்டு வாங்குங்கள். ஒன்று கட்டில் பக்கம், ஒன்று பாத்ரூம் நிலைப்படி பக்கம், இரண்டும் முழங்காலுக்குக் கீழே இருக்கும் பிளக்கில். ஆள் நடந்தால் எரியும், அரை நிமிடத்தில் அணையும். நிலைப்படியின் விளிம்பில் ஒரு அங்குல அகலத்துக்கு வெளிர் நிற டேப் ஒட்டிவிடுங்கள். அப்படியே வழியில் கிடக்கும் மிதியடியையும் எடுத்துவிடுங்கள்.