தம்பி கணக்கு நோட்டு: கேள்வி பதில்

மதுரை செல்லூரில் இருக்கிறேன். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள என் தம்பிக்கு ஒன்பது வருடமாக நான்தான் சட்டப்படி கார்டியன். வக்கீல் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து: அக்கா, பையனுக்கு மூளை முடக்குவாதம். இப்பத்தான் 18 முடிஞ்சது. பெத்தவங்களுக்கே கார்டியன் ஆர்டர் எதுக்கு?

18 முடிந்துவிட்டால் சட்டத்துக்கு அவன் மேஜர், பெற்றோராக இருந்தாலும் ஆர்டர் வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவே ஆர்டர் கொடுக்கும், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். போன கையோடு நிராமயா காப்பீட்டையும் கேளுங்கள், 1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு உதவும்.

உசிலம்பட்டியிலிருந்து: அப்பா கோமாவில் இருக்கார். முன்னாடியே எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கார். அதை வச்சு இடத்தை விற்கலாமா?

விற்காதீர்கள் தம்பி. பவர் கொடுத்தவருக்குச் சுயபுத்தி இல்லாமல் போனால் பவரும் முடிந்தது. 1872 ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. கோமாவில் இருப்பவருக்குக் கார்டியன் போட நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஒத்தக்கடையில் இருக்கும் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் மனுதான் போடவேண்டும். 2024இல் சென்னை ஹைகோர்ட் ஒரு மனைவியைக் கார்டியனாக நியமித்துச் சொத்தை விற்கவும் அனுமதித்தது. ஆனால் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் டெபாசிட் போட்டு, வட்டியை மட்டும் எடுக்கச் சொன்னது.

வாடிப்பட்டியிலிருந்து: கணக்கை எப்படி எழுதுறீங்க?

இதுதான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். என் தம்பி மாதிரி உள்ளூர்க் குழு ஆர்டர் என்றால், ஆர்டர் வந்த ஆறு மாதத்துக்குள் நம் பொறுப்பில் இருப்பவரின் சொத்து, கடன், வரவேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் அந்தக் குழுவிடம் பட்டியல் கொடுக்க வேண்டும். அப்புறம் வருடா வருடம், மார்ச் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு. என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, பின் அட்டையில் ஒட்டிய கவரில் ரசீதுகள். மாத்திரை, முடிவெட்டு, சாயங்காலப் பருத்திப்பால் வரைக்கும் எழுதுவேன். பருத்திப்பாலுக்கு ரசீது எவன் தருவான்? தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான்.

ஒருமுறை என் மகள் ஃபீஸுக்குத் தம்பி கணக்கிலிருந்து எடுத்துப் பத்தாம் நாள் திருப்பிப் போட்டேன். பாஸ்புக்கில் இரண்டு வரியும் நின்றுவிட்டன. ஏன் எடுத்தீர்கள் என்று குழுவில் கேட்டபோது வாயடைத்துப் போனேன். அவன் ஏடிஎம் கார்டுகூட இப்போது வேறு பர்ஸில்.

திருமங்கலத்திலிருந்து: அம்மாவுக்கு நினைவு தெளிவா இருக்கு. கை நடுங்குறதால பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகல. கார்டியன் வேணுமா?

வேண்டவே வேண்டாம். ரிசர்வ் வங்கி விதிப்படி கைநாட்டு போதும். அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை. சாட்சி இரண்டு பேர், அதில் ஒருவர் பேங்க் அதிகாரி.

ஒரு தங்கை: தம்பியிடம் கேட்டுத்தான் செலவு செய்வீங்களா?

கேட்பேன். சித்திரைத் திருவிழாவுக்குச் சட்டை எடுக்கும்போது அவனேதான் கைகாட்டுவான். போன வருடம் பச்சை. அழகர் பச்சைப்பட்டில் ஆற்றில் இறங்கினால் இவனுக்கும் பச்சைதான் வேண்டும். நோட்டில் "சட்டை 650" என்று எழுதுவதற்குள் ரசீதைப் பிடுங்கிக் கவருக்குள் அவனே போட்டுவிட்டான்.