தும்பைப் பூவில் செத்துக் கிடந்த தேனீ

அன்பின் அக்கா,

மழை விட்ட பிறகு எங்கள் வளவின் பின்பக்கம் முழுக்கத் தும்பையும் மூக்குத்திப் பூண்டும் பூத்துக் கிடக்கின்றன. போன கிழமை ஒரு தும்பைப் பூவில் தேனீ ஒன்று ஆடாமல் அசையாமல் இருந்தது. தொட்டதும் விழுந்துவிட்டது. செத்திருந்தது, ஆனால் ஒரு காயமும் இல்லை. பக்கத்து வயலில் அடித்த மருந்தாக இருக்குமோ? பாம்பும் நுளம்பும் வரும், வெட்டித் துப்புரவாக்கு என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு வாசகர், ஆரையம்பதி

அன்பின் தம்பி,

மருந்தில் செத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது, நிலத்திலும் பல கிடக்கும். என் சந்தேகம் நண்டுச் சிலந்தி மேல்தான். வலை பின்னி இரை பிடிக்கிற சாதி இல்லை இது. பூவோடு பூவாக, முன்னங்கால் நான்கையும் விரித்தபடி காத்திருக்கும். வெள்ளைப் பூவில் வெள்ளைச் சிலந்தி இருந்தால் லேசில் கண்ணில் படாது. தேனீ வந்து பூவில் வாய் வைத்ததும் பிடித்துக் கழுத்தடியில் கடித்துவிடும்.

காயமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குத் துப்பு. வேறு பல சிலந்திகளைப் போல இது இரையை மென்று கசக்குவதில்லை. கடித்த சின்னத் துளை வழியாகவே உள்ளே இருப்பதைக் கரைத்து உறிஞ்சிவிடும். இறக்கை கலையாமல் கோது மட்டும் மிஞ்சும்.

இதன் உறவுச் சிலந்தி ஒன்றைப் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. நமக்கு வெறும் வெள்ளையாகத் தெரிகிற அந்தச் சிலந்தி, புற ஊதா ஒளியைக் காணும் தேனீயின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. சிலந்தி இருந்த பூவைத்தான் தேனீக்கள் கூடுதலாகத் தேடி வந்தன. பதுங்கியிருக்கிறது என்று நாம் நினைத்தது ஆசை காட்டிக் கூப்பிடுகிறது! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

வெயில் ஏற முதல் போய், ஒரே செடிக்கு முன்னால் குந்தியிருங்கள். உங்கள் நிழல் பூவில் விழக்கூடாது. முசுறு மாதிரி ஏதாவது ஊர்ந்தால் காலை எண்ணிப் பாருங்கள். எட்டு இருந்தால் அதுவும் சிலந்திதான். முன்னங்கால் இரண்டையும் எறும்பின் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு திரியும்.

சரி, அம்மா சொல்வது. பாம்புப் பயம் நியாயமானது. வீட்டை ஒட்டியும் நடக்கிற வழியிலும் வெட்டிவிடுங்கள், வேலியோரத்தை மட்டும் விட்டுவையுங்கள். டெங்கு நுளம்பு பெருகுவது சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் தேங்கும் தண்ணீரில். அதை நீங்களே கொட்டிக் கவிழ்த்துவிட்டு, அப்புறம் அம்மாவிடம் தவணை கேளுங்கள். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எல்லாம் தானாகக் காய்ந்துவிடும், அதுவரைக்கும்தான்.