கவசப்பூச்சியும் அதன் குஞ்சுகளும்: தோட்டத்தார் கேள்விகளுக்குப் பதில்

பழனி மலையின் கீழ்ச்சரிவில், காப்பியும் வெண்ணெய்ப்பழ மரங்களும் நிற்கும் என் தோட்டத்தில் பல ஆண்டுகளாகக் கவசப்பூச்சிகளை (கேடயம் போன்ற முதுகுள்ள, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகைகளை) கவனித்தும் படமெடுத்தும் வருகிறேன். பழனி மலையிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கோத்தகிரியிலிருந்து: அவரை இலையின் அடியில் வெளிர்மஞ்சள் முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. எப்போது பொரியும்? எப்படிப் படமெடுப்பது?

சிறு பீப்பாய்களை நெருக்கி அடுக்கியதுபோல் வரிசையாக இருந்தால், அவை பெரும்பாலும் கவசப்பூச்சிகளில் ஒன்றான பச்சை நாவாய்ப்பூச்சியின் முட்டைகள். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்ட இனம் அது. இன்றைய அறிவியல் பெயர் நெசாரா விரிடுலா. வெயில் நாள்களில் ஐந்தாறு நாளில் பொரிந்துவிடும்; குளிர் மிகுந்தால் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். பொரியும் நாள் நெருங்கும்போது முட்டை இளஞ்சிவப்பாக மாறும். அப்போது உருப்பெருக்கும் லென்ஸால் பாருங்கள்: மூடியின் வழியே இரண்டு சிவந்த கண்களும், அவற்றை ஒட்டிக் கரிய முக்கோணம் ஒன்றும் தெரியும். முட்டையின் மூடியைத் தள்ளித் திறப்பதற்காகவே குஞ்சின் தலைமேல் அமைந்த கருவி அது. வெளியே வந்ததும் அதை முட்டை ஓட்டிலேயே விட்டுவிடும்.

பொரிந்த குஞ்சுகள் செடியின் சாற்றைக் குடிப்பதில்லை. காலி ஓடுகளின்மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தாய் முட்டைமேல் பூசிவிட்டுப்போன நுண்ணுயிர்களை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நிலையில் கலைத்துவிட்டால் அவை பிழைப்பது கடினம். ஆகவே இலையைத் திருப்பாதீர்கள், காம்பைக் கிள்ளாதீர்கள். கைப்பேசியை இலைக்குக் கீழே கொண்டுபோங்கள். காற்றடித்தால் துணி கிளிப்பால் தண்டை ஒரு குச்சியோடு பிடித்து நிறுத்துங்கள். நாளுக்கு ஒரு படம், ஒரே நேரத்தில், ஒரே தொகுதியை எடுத்துவந்தால், நூறு அழகிய தனிப்படங்கள் சொல்லாததை அந்த வரிசை சொல்லிவிடும்.

குன்னூரிலிருந்து: அதே செடியில் கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளோடு சிறு பூச்சிகள் திரிகின்றன. வேறு இனமா?

அதே இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குஞ்சு ஐந்து பருவங்களைக் கடந்து, ஐந்தாவது முறை தோலுரித்ததும் முழுப்பூச்சி ஆகிறது; கூட்டுப்புழு நிலை இதற்குக் கிடையாது. பருவத்துக்குப் பருவம் நிறம் மாறும். கடைசி இரண்டு பருவங்களில் இறக்கை மொட்டுகள் தெளிவாகத் தெரியும். குஞ்சின் உணர்கொம்பில் நான்கு கணுக்கள் இருக்கும், முழுப்பூச்சியினுடையதில் ஐந்து. நாற்றச் சுரப்பியின் வாய் குஞ்சுக்கு முதுகிலும், முழுப்பூச்சிக்கு மார்பின் அடியிலும் திறக்கும். நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது பெரும்பாலும் தவறிவிடும்.

கொடைக்கானலிலிருந்து: படத்தில் உள்ள இது என்ன வண்டு?

வண்டு அன்று, கவசப்பூச்சி. வண்டுக்குக் கடித்து மெல்லும் வாய். இதற்குக் குத்தி உறிஞ்சும் குழல்.

பண்ணைக்காட்டிலிருந்து: பீன்ஸ் இலையில் இருந்த முட்டைகள் கறுத்துவிட்டன. அழுகிவிட்டன என்று சிலவற்றைக் கிள்ளி எரித்துவிட்டேன். மீதியையும் எரித்துவிடலாமா?

தயவுசெய்து எரிக்காதீர்கள். அவற்றின் உள்ளே உங்கள் வயலுக்கு வேலை செய்யும் குளவி வளர்ந்துகொண்டிருக்கக்கூடும். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள அந்த முட்டை ஒட்டுண்ணிக் குளவி, நாவாய்ப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிட்டு, 'இது எடுத்தாகிவிட்டது' என்று பிற குளவிகளுக்கு அறிவிப்பதுபோல், முட்டையிடும் குழலின் நுனியால் மூடியின்மேல் தேய்த்து அடையாளமிட்டுச் செல்லும். சில நாள்களில் முட்டை கறுக்கும். அதிலிருந்து குஞ்சுக்குப் பதிலாகக் குளவி வெளிவரும்.

இதற்குத் தாண்டிக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மறுப்பு எழுதினார்: 'படமெடுப்பவருக்குப் பூச்சி பெரிது, எனக்குப் பீன்ஸ் பெரிது. காயெல்லாம் புள்ளி விழுந்து விதை சுருங்கிப்போனால் சந்தையில் யார் வாங்குவார்கள்? கறுப்போ மஞ்சளோ, முட்டையைக் கண்டால் நசுக்குவதுதான் சரி.'

அவர் சொல்லும் இழப்பு உண்மையானது. நாவாய்ப்பூச்சி குத்திய காய் அப்படித்தான் ஆகும். ஆனால் கறுத்த முட்டையை நசுக்குவதால் ஒரு நாவாய்ப்பூச்சிகூடக் குறையப்போவதில்லை. குறைவது குளவி மட்டுமே. மஞ்சளாக இருக்கும் முட்டைத்தொகுதியை இலையோடு கிள்ளி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். குஞ்சு பொரிந்தால் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். குளவி வந்தால் வயலின் நடுவே துணியை அவிழ்த்துவிடுங்கள். காலையும் மாலையும் எட்டிப் பார்த்தால் போதும். இலையைக் கிள்ளாதீர்கள் என்று மேலே எழுதியது படமெடுப்பவருக்கு; பயிரைக் காக்க வேண்டியவருக்கு இந்த வழியை மனமாரச் சொல்கிறேன்.

ஊட்டியிலிருந்து: கவசப்பூச்சி ஒன்று புழுவைக் குத்தித் தூக்கி வைத்திருக்கிறது. இது எப்படி?

கவசப்பூச்சிகளில் இரைபிடிப்பவையும் உண்டு. சாறுண்ணிகளின் உறிஞ்சுகுழல் மெல்லியது, இவற்றினுடையது தடித்தது. மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள்.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: இந்த வண்டின் பெயர் என்ன?

வண்டு அன்று என்று மேலே எழுதியிருக்கிறேன். பெயர் கேட்பவர்கள் முதுகு, வயிற்றுப்புறம், உணர்கொம்பு மூன்றும் தெரியும் படங்களை, இருந்த செடியின் பெயரோடு அனுப்புங்கள்.

பெருமாள்மலையிலிருந்து: வட்டக்கண்ணி மரத்தின் இலையில், செம்மஞ்சள் உடலில் கண்போன்ற புள்ளிகளுள்ள பூச்சி இரண்டு நாளாக நகரவே இல்லை. நோயா?

நோயன்று, அம்மா, அவள் அடைகாப்பதுபோல் முட்டைகளின்மேல் நிற்கிறாள். கேண்டாவோ ஓசெலாட்டஸ் என்னும் இந்த இனத்தில் தாய் முட்டைகளையும் பொரிந்த இளங்குஞ்சுகளையும் காக்கும். முன்பொரு முறை முட்டைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இப்படிப்பட்ட தாயை ஒரு புல் காம்பால் நகர்த்தினேன். படம் நன்றாக வந்தது. மாலையில் போய்ப் பார்த்தபோது எறும்புகள் ஏறி முட்டைகளில் பாதியைக் கொண்டுபோயிருந்தன; தாய் திரும்பவில்லை. அன்று முதல் தாயைத் தொடுவதில்லை.

கொடைக்கானலிலிருந்து: மின்னும் பச்சைப் பூச்சியைப் பிளாஷ் போட்டு எடுத்தால் வெள்ளைத் திட்டு விழுகிறது. குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் அசையாமல் இருக்குமாமே?

குளிர்பதனப் பெட்டி வேண்டவே வேண்டாம். நம் மலையின் விடியற்காலைக் குளிரே பூச்சியை அசையாமல் நிறுத்தும். வெயில் ஏறுமுன் போங்கள். அந்த மினுமினுப்பு, மேல்தோலின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் நிறமும் மாறும். பிளாஷுக்கு முன்னால் டிரேசிங் தாளையோ பால்நிற பிளாஸ்டிக் டப்பாவின் துண்டையோ பூச்சிக்கு மிக அருகில் பிடித்தால் திட்டு மறையும்.

பண்ணைக்காட்டிலிருந்து மீண்டும்: எரிக்காமல் விட்ட கறுப்பு முட்டைகளில் ஒன்றின் மேற்புறத்தில், கடித்ததுபோல் ஒழுங்கற்ற துளை தெரிகிறது. குஞ்சு வந்துவிட்டதா?

இல்லை, ஐயா. குஞ்சு வந்திருந்தால் மூடி வட்டமாகத் திறந்திருக்கும். துளை ஒழுங்கற்று இருப்பதால் குளவிதான் கடித்துக்கொண்டு வந்திருக்கிறது. முதலில் வருபவை பொதுவாக ஆண்கள். அவை பறந்துபோகாமல் முட்டைகளின்மேலேயே பெண்களுக்காகக் காத்து நிற்கும். இன்றே கேமராவோடு போங்கள்.